அறிவியல் புனைகதையில் பிழை பிடிப்பது எப்படி: கணக்கிலிருந்து தலைப்பு வரை

ஜூல் வெர்னின் 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' நாவலைப் பற்றி வாசகர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு: "அவ்வளவு ஆழம் கடலில் கிடையாதே!" பிரெஞ்சுக்காரர்களின் மெட்ரிக் லீக் 4 கி.மீ. இருபதாயிரம் லீக் என்றால் 80,000 கி.மீ. பூமியின் விட்டமே 12,742 கி.மீ.தான். இதை ஆழம் என்று வைத்துக்கொண்டால் நாவலின் நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸ் பூமியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்து, நிலாவுக்குப் போகும் வழியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கைக் கடந்திருக்கும். ஆனால் வெர்ன் சொன்னது ஆழத்தை அல்ல. நீருக்கடியில் இருந்தபடியே கப்பல் ஓடிய மொத்தத் தூரம் அது, ஏறக்குறைய பூமியை இரண்டு முறை சுற்றுவதற்குச் சமம். பிரெஞ்சு மூலத்தின் தலைப்பில் 'கடல்கள்' என்று பன்மையிலேயே இருக்கிறது. அதை ஒருமையாக்கிய ஆங்கிலத் தலைப்புதான் வாசகரை ஆழத்தை நினைக்க வைத்தது.

ஆக, குறை உண்மையானதுதான். போய்ச் சேர்ந்த விலாசம் தப்பு. அறிவியல் புனைகதையில் கண்டுபிடிக்கப்படும் 'பிழை'களில் பல இப்படித்தான் முடிகின்றன. அதனால் கீழே உள்ள படிகளில் பாதி, கதையைச் சோதிப்பதற்கு; மீதி, உங்கள் குறையையே சோதிப்பதற்கு.

படி 1: கையில் இருப்பது எந்தப் பதிப்பு?

எண் ஒன்று உறுத்தினால் முதலில் ஆசிரியரைத் திட்டாதீர்கள். அந்த எண் அவருடையதுதானா என்று பாருங்கள்.

இதற்கு மிகச் சிறந்த பாடம் மேலே சொன்ன நாவலிலேயே இருக்கிறது. நாட்டிலஸின் எஃகுத் தகட்டின் அடர்த்தி நீரைப்போல் 7.8 மடங்கு என்று வெர்ன் சரியாகவே எழுதினார். 1870களில் வந்த லூயிஸ் மெர்சியரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அது '0.07 முதல் 0.08 வரை' என்று ஆகிவிட்டது. தக்கையைவிட லேசான எஃகு! அந்த மொழிபெயர்ப்பு நூலின் பெரும் பகுதியை வெட்டியும் விட்டது. ஆங்கிலம் வழியாகவே வெர்னைப் படித்தவர்கள் அவருக்கு அறிவியல் தெரியாது என்று நெடுங்காலம் நினைத்ததில் இதற்கும் பங்கு உண்டு.

மறுபதிப்பிலும் கவனம் வேண்டும். லாரி நிவனின் 'ரிங்வேர்ல்ட்' 1970இல் வந்தபோது, நாயகன் தன் 200ஆவது பிறந்தநாளை நீட்டிக்க ஊர் ஊராகக் கிழக்கு நோக்கித் தாவிக்கொண்டே போவான். கிழக்கே போனால் நள்ளிரவு விரைந்து வந்து நாள் சுருங்கும். நீள வேண்டுமானால் மேற்கே போக வேண்டும். பின்னர் வந்த அச்சுகளில் இது திருத்தப்பட்டது. திருத்தப்படாத முதல் அச்சைப் பழம்புத்தகச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள் மூன்று இடங்களில் கண் வைத்தால் போதும். மில்லியன் என்றால் 10 லட்சம், பில்லியன் என்றால் 100 கோடி; இங்கே ஒரு சுழியம் கூடுவதும் குறைவதும் சகஜம். இரண்டாவது, மைலும் கிலோமீட்டரும்: எண்ணை மாற்றாமல் அலகை மட்டும் மாற்றியிருப்பார்கள். மூன்றாவது கொஞ்சம் மறைவானது. 1974இல் பிரிட்டன் அதிகாரபூர்வமாக மாறும் வரை, அந்நாட்டு நூல்களில் பில்லியன் என்பது லட்சம் கோடியாக இருக்கலாம். பழைய பிரிட்டிஷ் நாவலில் நட்சத்திரத் தூரம் ஆயிரம் மடங்கு இடித்தால் காரணம் இதுவாக இருக்கக்கூடும்.

பதிப்பு விவரங்களுக்கு இணையத்தில் ஐ.எஸ்.எஃப்.டி.பி. என்னும் அறிவியல் புனைகதைத் தரவுத்தளம் இருக்கிறது. எந்த ஆண்டில், எந்தத் தலைப்பில், எந்தப் பதிப்பகம் என்று எல்லாம் கிடைக்கும். காப்புரிமை முடிந்த மூலங்கள் புராஜெக்ட் குட்டன்பெர்க்கில் உள்ளன.

படி 2: எதை மன்னிப்பது?

ஒவ்வொரு கதைக்கும் ஒரு பொய்யை இனாமாகக் கொடுத்துவிடுங்கள். ஒளியை மிஞ்சும் கப்பல், கால இயந்திரம், கண்ணுக்குத் தெரியாத மனிதன் போன்றவை கதையின் அடித்தளம். "இது நடக்காது" என்று அங்கே போய் நிற்பது வீண். கேட்க வேண்டியது வேறு: அந்தப் பொய்யிலிருந்து என்னென்ன விளையும் என்பதைக் கதை ஒழுங்காகப் பின்தொடர்கிறதா?

எச்.ஜி. வெல்ஸின் 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' (1897) நாவலை எடுத்துக்கொள்வோம். விழித்திரையும் ஒளி ஊடுருவும்படி ஆகிவிட்டால் ஒளி எதிலும் தங்காது, அவன் குருடனாகத்தான் இருப்பான் என்பது பலரும் சொல்லும் குறை. நூலைப் படித்தவர் இதை முழுதாகச் சொல்ல மாட்டார். விழித்திரைக்குப் பின்னால் பனிமூட்டத்தைவிட மெல்லிய நிறமி கொஞ்சம் மிச்சமிருந்தது என்று நாயகன் கிரிஃபின் வாயாலேயே வெல்ஸ் சொல்லிவிடுகிறார். அவர் யோசித்திருக்கிறார்.

ஆனால் பாதிதான் யோசித்தார். கிரிஃபின் தன் உடலின் ஒளிவிலகல் எண்ணை (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவை) காற்றின் எண்ணுக்குக் குறைத்துத்தான் மறைகிறான். அப்படியென்றால் கண்ணின் கார்னியாவும் லென்சும் ஒளியை வளைக்காது. லென்ஸ் இல்லாத கேமராவில் விழும் ஒளியைப்போல, நிறமியின் மேல் வெறும் வெளிச்சம் படும், பிம்பம் விழாது. இதுதான் சரியான குறை. மேம்போக்கான குறைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், நூலைப் படித்ததும் அதன் விதியை அதன்மீதே பிரயோகித்ததும்தான்.

படி 3: கணக்குப் போடுங்கள்

கால்குலேட்டரும் பள்ளி இயற்பியலும் போதும். கோள்களின் நிறை, ஆரம், தூரம் ஆகியவற்றுக்கு நாசா வெளியிடும் கோள் தகவல் அட்டவணைகள் இருக்கின்றன. குறிப்பிட்ட நாளில் ஒரு கோள் எங்கே இருந்தது என்று அறிய, நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகம் தரும் ஹொரைசன்ஸ் என்ற இணையச் சேவை. வானம் எப்படித் தெரிந்திருக்கும் என்று பார்க்க ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள்.

முதல் கணக்கு, பீரங்கி. வெர்னின் 'பூமியிலிருந்து நிலாவுக்கு' (1865) நாவலில் ஃபுளோரிடாவில் 900 அடி நீளப் பீரங்கியைத் தரைக்குள் வார்க்கிறார்கள். பயணிகள் உள்ளே அமர்ந்திருக்கும் குண்டு நொடிக்கு 12,000 கெஜம் வேகத்தில் வெளியேற வேண்டும். மெட்ரிக்கில் சுமார் 274 மீட்டர் குழாய், நொடிக்கு 10,970 மீட்டர் வேகம். முடுக்கம் என்பது வேகத்தின் வர்க்கத்தைக் குழாய் நீளத்தின் இருமடங்கால் வகுத்தது. விடை 2,19,000க்கு மேல். பூமியின் ஈர்ப்பைப்போல் ஏறக்குறைய 22,000 மடங்கு. 60 கிலோ எடையுள்ள பயணி அந்த 20இல் ஒரு நொடிக்கு 1,300 டன்னுக்கு மேல் எடையுள்ளவராக ஆவார். குண்டின் தரையில் வெர்ன் வைத்த தண்ணீர் மெத்தை என்ன செய்ய முடியும்? போர் விமானிகள் சிறப்பு உடையோடு தாங்கும் 9 மடங்குக்குள் முடுக்கத்தை வைக்க வேண்டுமானால், அதே வேகத்தை எட்டக் குழாயின் நீளம் சுமார் 680 கி.மீ. இருக்க வேண்டும்.

இதிலேயே சரியானவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 10,970 மீட்டர் என்பது பூமியின் ஈர்ப்பை விட்டு வெளியேறத் தேவையான விடுபடு வேகமான 11,200 மீட்டருக்கு மிக அருகில் இருக்கிறது (காற்றின் தடையை அவர் குறைத்து மதிப்பிட்டது வேறு விஷயம்). ஏவுதளத்துக்கு நிலநடுக்கோட்டுப் பக்கம் போக வேண்டும் என்று காரணம் சொல்லி ஃபுளோரிடாவைத் தேர்ந்ததும் அவர்தான்.

தொடர்ச்சி நூலான 'நிலாவைச் சுற்றி'யில் இன்னொரு பிழை உண்டு; இதற்குக் கணக்கே வேண்டாம். பூமியின் ஈர்ப்பும் நிலாவின் ஈர்ப்பும் சமமாகும் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் பயணிகள் மிதக்கிறார்கள். உண்மையில் இயந்திரம் எதுவும் தள்ளாமல் விழுந்துகொண்டிருக்கும் கலத்தில் வழிநெடுக மிதப்பார்கள். சுவையான விஷயம், அதே நூலில் இறந்துபோன நாயை வெளியே வீசுகிறார்கள். அது விலகிப் போகாமல் கலத்தோடு கூடவே வருகிறது. அது மிகச் சரி. வெளியே நாய் கூடவே மிதக்கும் அதே காரணத்தால்தான் உள்ளே மனிதர்களும் மிதக்க வேண்டும். இயற்பியல் புத்தகம் இல்லாமலே, நூலின் இரண்டு பக்கங்களை அருகருகே வைத்தால் போதும். இப்படிப்பட்ட உள்முரண்தான் மறுக்க முடியாத குறை.

இரண்டாவது, சுழலும் கப்பல். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) படத்துக்காகக் கட்டிய சுழல் அறையின் விட்டம் 38 அடி, அதாவது ஆரம் சுமார் 5.8 மீட்டர். செயற்கை ஈர்ப்புக்கான கணக்கு: 39.5ஐ ஆரத்தால் பெருக்கி, ஒரு சுற்றுக்கு ஆகும் நொடிகளின் வர்க்கத்தால் வகுக்கவும். 12 நொடிக்கு ஒரு சுற்று என்றால் 1.6 வரும்; நிலாவின் ஈர்ப்பு. பூமியின் 9.8 வேண்டுமானால் 4.8 நொடிக்கு ஒரு சுற்று, நிமிடத்துக்கு 12க்கு மேல். அந்த வேகத்தில் தலையைத் திருப்பினாலே பலருக்குக் குமட்டும். நிலா அளவிலேயே நின்றாலும் 1.7 மீட்டர் உயரக்காரரின் தலையில் ஈர்ப்பு பாதத்தைவிட 30 சதவீதம் குறைவு. இன்னும் வேடிக்கை, விளிம்பு நகரும் வேகம் நொடிக்கு 3 மீட்டர்தான். அதே வேகத்தில் சுழற்சிக்கு எதிர்த்திசையில் மெல்லோட்டம் ஓடினால் எடை முழுக்கப் போய்விடும். கால் தரையில் பாவாது. சுழற்சியோடு சேர்ந்து ஓடினால் எடை நான்கு மடங்காகும். எந்தக் கதையிலாவது குட்டிச் சக்கரத்துக்குள் யாரேனும் ஓடினால், எந்தப் பக்கம் ஓடுகிறார் என்று பாருங்கள்.

மூன்றாவது, செவ்வாய்ப் புயல். ஆண்டி வெயரின் 'த மார்ஷியன்' ஒரு புயலில்தான் தொடங்குகிறது. ஏவுகலம் சாய்ந்துவிடும் என்று பயந்து குழு கிளம்பிவிடுகிறது. செவ்வாயின் காற்றடர்த்தி கனமீட்டருக்கு சுமார் 0.02 கிலோ, பூமியில் 1.2, அறுபதில் ஒரு பங்கு. காற்று தள்ளும் விசை அடர்த்தியோடு நேராகவும் வேகத்தின் வர்க்கத்தோடும் போகும். எனவே செவ்வாய்க் காற்றின் வேகத்தை 60இன் வர்க்கமூலமான 7.75ஆல் வகுத்தால் பூமியில் அதே தள்ளலைத் தரும் வேகம் கிடைக்கும். மணிக்கு 180 கி.மீ. புயல், நம் மொட்டைமாடியில் 23 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று. கொடித்துணி படபடக்கும், ராக்கெட் சாயாது. இது தெரிந்தே செய்தது என்று வெயரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே இதை 'அறியாமை' என்று எழுதாமல் 'தெரிந்தே எடுத்துக்கொண்ட சலுகை' என்று எழுதுங்கள்.

நான்காவது, சுற்றுப்பாதை. 'கிராவிட்டி' (2013) படத்தில் ஹப்பிள் தொலைநோக்கியிலிருந்து பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு முதுகுப்பை உந்தியிலேயே போய்விடுகிறார்கள். ஹப்பிளின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 28.5 டிகிரி சாய்வு. நிலையத்தின் பாதை 51.6 டிகிரி. உயர வித்தியாசத்தை விடுங்கள். பலர் அதை மட்டும் பேசிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பாதையின் தளத்தை 23.1 டிகிரி திருப்ப, நொடிக்கு 7.6 கி.மீ. வேகத்தின் இருமடங்கை 11.55 டிகிரியின் சைனால் பெருக்க வேண்டும்: நொடிக்கு 3 கி.மீ. நாசாவின் உண்மையான முதுகுப்பை உந்தியால் மொத்தமாகத் தர முடிந்தது நொடிக்கு சுமார் 25 மீட்டர். நூறு மடங்குக்கு மேல் பற்றாக்குறை.

படி 4: கணக்கில்லாமல் பிடிபடுபவை

இவற்றில் அதிக நேரம் செலவிட வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த 'விண்வெளியில் வெடிச்சத்தம்' போன்றவற்றை எழுதினால் யாரும் படிக்கவும் மாட்டார்கள்.

பிறை: நள்ளிரவில் உச்சிவானில் மெல்லிய பிறை வராது, பிறை எப்போதும் சூரியனை ஒட்டியே இருக்கும். பிறையின் இரு கொம்புகளுக்கு நடுவே நட்சத்திரம் மின்னாது, அங்கே நிலாவின் இருண்ட பகுதி இருக்கிறது. நிலாவில் ஒரே இடத்தில் நிற்பவருக்குப் பூமி உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. ஏறக்குறைய ஒரே இடத்தில் தொங்கும்.

பேச்சு: செவ்வாயோடு தொலைபேசியில் உரையாட முடியாது. ஒருவழிக்கே 3 முதல் 22 நிமிடம்.

சிறுகோள் பட்டை: பாறைகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து ஓட்ட அங்கே நெரிசல் இல்லை. பயோனீர் 10 கலம் 1972–73இல் அதை ஊடுருவிக்கொண்டு ஒன்றும் ஆகாமல் வெளியே வந்தது.

வெற்றிடம்: மனிதர் வெடிக்க மாட்டார், உடனே உறையவும் மாட்டார். 1966இல் நாசாவின் வெற்றிட அறையில் ஒருவரின் உடைக் குழாய் கழன்றபோது சுமார் 14 நொடியில் நினைவிழந்தார். காற்றைத் திரும்ப விட்டதும் பிழைத்துக்கொண்டார். ஆகவே '2001' படத்தில் தலைக்கவசமின்றிச் சில நொடி தாவுவது நடக்கக்கூடியதே. தவறு, அவர் அதற்கு முன் மூச்சை அடக்கிக்கொள்வது; அடைத்த காற்று நுரையீரலைக் கிழித்துவிடும்.

நட்சத்திரத் தேர்வு: புகழ்பெற்ற பெயர் என்பதற்காகப் பிரம்மாண்ட நட்சத்திரங்களில் நாகரிகங்களைக் குடியமர்த்துவார்கள். நாம் திருவாதிரை என்று சொல்லும் பீட்டல்ஜூஸ் போன்றவற்றின் மொத்த ஆயுளே ஒரு கோடி ஆண்டு அளவுதான். காடு வளர்ந்து, ஊர் எழுந்து, அரசியல் நடக்க அங்கே நேரம் கிடையாது.

படி 5: உங்கள் குறையை நீங்களே மடக்கிப் பாருங்கள்

'கிராவிட்டி' வந்தபோது வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன், படத்துக்கு 'ஸீரோ கிராவிட்டி' என்று பெயர் வைத்திருக்க வேண்டும் என்று கிண்டலடித்தார். கிண்டலாகச் சரி. கணக்காக எடுத்தால் தலைப்பே சரி. 400 கி.மீ. உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் 89 சதவீதம். வீரர்கள் மிதப்பது ஈர்ப்பு இல்லாததால் அல்ல, ஈர்ப்பில் விழுந்துகொண்டே இருப்பதால்.

'ஸ்டார் வார்ஸ்' (1977) படத்தின் 'பன்னிரண்டு பார்செக்குக்குள் ஓடிய கப்பல்' இன்னொரு வகை. பார்செக் என்பது 3.26 ஒளியாண்டுத் தூரம், நேரம் அல்ல. குறை சரி. ஆனால் 2018இல் வந்த 'சோலோ' படம், ஆபத்தான குறுக்குவழியில் புகுந்து தூரத்தைக் குறைத்ததுதான் சாதனை என்று ஒட்டுப் போட்டுவிட்டது. பிறகு ஒட்டியதை மூலப் படைப்பின் தகுதியாகக் கொள்ளலாமா? கூடாது என்பதே எங்கள் கட்சி. ஆனால் ஒட்டு இருப்பதைக் குறிப்பிடாமல் எழுதினால் முதல் பதிலே அதுவாகத்தான் வரும்.

லியூ ட்சிசின் எழுதிய 'த்ரீ-பாடி ப்ராப்ளம்' பற்றி, "மூன்று சூரியன், ஒரு கோள், மொத்தம் நான்கு பொருள் ஆயிற்றே" என்பார்கள். கோளின் நிறை சூரியன்களை அசைக்கப் போதாது. அவற்றின் ஆட்டம் மூன்று பொருள் கணக்குத்தான். நிற்கக்கூடிய குறை வேறிடத்தில் இருக்கிறது. நாவல் அந்த மூன்று சூரியன்களை ஆல்ஃபா சென்டாரி நட்சத்திரத் தொகுதியாகக் காட்டுகிறது. உண்மையான ஆல்ஃபா சென்டாரியில் பெரிய இரண்டும் சுமார் 80 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று ஒழுங்காகச் சுற்றுகின்றன. மூன்றாவதான ப்ராக்ஸிமா அவற்றிலிருந்து ஏறக்குறைய 0.2 ஒளியாண்டு தள்ளி, ஒரு சுற்றுக்கு 5 லட்சம் ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. நாவலில் வரும் குழப்ப ஆட்டத்துக்கு அங்கே வழியில்லை.

படி 6: தலைப்பைச் சோதிப்பது

தலைப்புக்கு மூன்று கேள்விகள்: இதை வைத்தது யார்? எந்த மொழியில்? கதை இந்த வாக்கைக் காப்பாற்றுகிறதா?

மூன்றாவதில் வெர்ன் தொடர்ந்து தோற்கிறார். 'பூமியிலிருந்து நிலாவுக்கு' நாவலில் ஒருவரும் நிலாவில் இறங்குவதில்லை. பீரங்கி வெடிப்பதற்குள் நூல் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. தொடர்ச்சியிலும் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 'பூமியின் மையத்துக்குப் பயணம்' மையத்தின் கிட்டேகூடப் போவதில்லை. இவற்றில் 'நிலாவைச் சுற்றி' மட்டும் நேர்மையான தலைப்பு.

முதல் கேள்விக்கு ஐசக் அசிமோவின் 'ஐ, ரோபாட்' (1950). தலைப்பைப் பார்த்தால் ரோபாட் தன் கதையைச் சொல்லும் என்று தோன்றும். உள்ளே இருப்பது ரோபாட் உளவியலாளர் சூசன் கால்வினின் நினைவுகளாகக் கோத்த சிறுகதைகள். அசிமோவ் வேறு தலைப்பு கேட்டார். பதிப்பாளர்தான் இதைத் திணித்தார். அதுவும் ஈண்டோ பைண்டர் என்ற பெயரில் 1939இல் வந்த கதையின் தலைப்பு. அந்தக் கதையில் உண்மையிலேயே ரோபாட் தன் கதையைச் சொல்லும். 2004 திரைப்படமோ வேறொரு பெயரில் எழுதப்பட்ட திரைக்கதையில் தொடங்கி, பின்னால் இந்தப் பெயரைப் போர்த்திக்கொண்டது.

'பிளேடு ரன்னர்' (1982) இதைவிட விசித்திரம். கதை ஃபிலிப் கே. டிக்கின் 1968 நாவலிலிருந்து. தலைப்பு ஆலன் நர்ஸின் 1974 நாவலிலிருந்து விலைக்கு வாங்கியது. நர்ஸின் கதையில் அது அறுவைக் கத்தி முதலான மருத்துவப் பொருள்களைக் கள்ளத்தனமாகக் கடத்துபவரைக் குறிக்கும்; பொருந்துகிறது. படத்தில் ரோபாட் வேட்டைக்காரருக்கு அந்தப் பெயர் ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது.

'ஃபாரன்ஹீட் 451' பற்றிய குறையில் அவசரப்படாதீர்கள். 451 என்பது சுமார் 233 செல்சியஸ். காகிதம் தானாகப் பற்றும் வெப்பம் அதன் வகை, தடிமன், ஈரம், எவ்வளவு நேரம் சூடேறுகிறது என்பவற்றைப் பொறுத்து மாறும். 451 அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. 'ஒரே துல்லியமான எண் கிடையாது' என்பது சரியான குறை. 'எண் தப்பு' என்பது தப்பு.

வரைபடத்தை எடுத்துப் பார்த்திருந்தாலே தவிர்த்திருக்கக்கூடிய தலைப்புப் பிழைக்கு, அறிவியல் புனைகதைக்கு வெளியே, 1968இல் வந்த 'ஜாவாவுக்குக் கிழக்கே க்ரகடோவா' என்ற ஹாலிவுட் படம். எரிமலை இருப்பது ஜாவாவுக்கு மேற்கே.

படி 7: குறையை எழுதும் முறை

பதிப்பும் பக்கமும், நூலின் வரி அப்படியே, நீங்கள் எடுத்துக்கொண்ட எண்கள், கணக்கு, எத்தனை மடங்கு பிழை, கதை அதனால் உடைகிறதா. இந்த வரிசையில் எழுதினால் மற்றவர் சரிபார்க்க முடியும். 'எத்தனை மடங்கு' என்பதை விட்டுவிடாதீர்கள். 10 சதவீதம் பிசகிய எண்ணுக்கும் 22,000 மடங்கு பிசகிய எண்ணுக்கும் ஒரே குரலில் கத்தினால் இரண்டையும் யாரும் கேட்க மாட்டார்கள். கடைசி வினாவுக்கு மூன்று நிலை போதும். ஒரு வார்த்தையை மாற்றினால் சரியாகிவிடும் பிழை (ரிங்வேர்ல்டின் கிழக்கு, மேற்கு). ஒரு காட்சியை மாற்ற வேண்டிய பிழை (செவ்வாய்ப் புயல், மின்னலோ எரிகல்லோ வைத்திருந்தாலும் கதை நகரும்). உலகையே சாய்க்கும் பிழை.

மூன்றாவதற்கும் 'ரிங்வேர்ல்ட்'தான் உதாரணம். நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு கெட்டியான வளையம், நட்சத்திரம் நட்டநடுவில். ஒரு பக்கம் சற்றே நகர்ந்தால், கிட்டே வந்த பக்கத்தை நட்சத்திரம் இன்னும் பலமாக இழுக்கும்; வளையம் மேலும் நகரும்; கடைசியில் நட்சத்திரத்தில் மோதும். சனியின் வளையம் ஒரே கெட்டித் துண்டாக இருக்க முடியாது என்று இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1859இல் வெளியிட்ட ஆய்வுரையில் காட்டியது இதே காரணத்தைத்தான். 1971 உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் "ரிங்வேர்ல்ட் நிலைகொள்ளாது" என்று கூடத்தில் கோஷம் போட்டார்கள். நிவன் மறுக்கவில்லை. தொடர்ச்சி நாவலான 'ரிங்வேர்ல்ட் என்ஜினியர்ஸ்' நூலில் வளையத்தின் விளிம்பெங்கும் நிலைநிறுத்தும் உந்திகளைப் பொருத்தினார். அவற்றில் பல களவு போய்விட்டதால் வளையம் நடுவிலிருந்து விலகத் தொடங்கியதையே கதையாக்கினார்.